பாலத்துக்கு இந்தப் பக்கம் 90 நாள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கடையைப் பூட்டிவிட்டு நேராக இங்கே வந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். டச்சுக்காரர்களின் பட்டாளத்துக்குத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள். ஒரு நாள் உழைப்பு முடிந்த பிறகும் மருத்துவம் பற்றிய பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் நன்றி.

இன்றைய பேச்சின் பொருள், நடுக்கூடத்தில் யாரும் பேசாத பொருள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்து, அந்தப் பையையே அறுத்து எடுத்த பிறகு ஒரு மனிதர் வீடு திரும்புகிறார். அதற்கப்புறம் என்ன நடக்கிறது? வெற்றிகரமாக முடிந்தது என்று டாக்டர் சொன்ன அறுவைக்குப் பிறகு, ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர் ஏன் மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போக நேர்கிறது? அப்படிப் போவதில் எது தவிர்க்க முடியாதது, எது தவிர்த்திருக்கக் கூடியது?

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். இங்கே கருவேலிப்படியில் தாலுக்கா ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய அறுவை என்று வந்துவிட்டால் பாலம் தாண்ட வேண்டும். எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். 1998இல் தொடங்கிய அமிர்தா ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் கடைசிக் காலம் வரை குரல் கொடுத்துக் கேட்டுப் பெற்ற கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையம், களமசேரியில், அதுவும் அந்தப் பக்கம். தோப்பும்படிப் பாலமோ பி.ஓ.டி. பாலமோ, ஏதோ ஒன்றின் மேலேறித்தான் போக வேண்டும்.

கத்தி வேலை செய்வது அந்தப் பக்கம். குணமாக வேண்டியது இந்தப் பக்கம். அந்தப் பக்கத்து வேலைக்குச் சில மணி நேரமும் சில நாளும் போதும். இந்தப் பக்கத்து வேலைக்கு 90 நாள் வேண்டும். இன்றைய பேச்சு முழுக்க அந்த 90 நாளைப் பற்றியது.

ஒரு பெரியவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவர் எந்தத் தெருவிலும் இருக்கலாம். வயது அறுபத்தைந்து. சுக்கும் மிளகும் ஏற்றி இறக்கும் பாண்டிகசாலையில் முப்பது வருடம் வேலை. காதில் எப்போதும் ஒரு பீடி. ஒரு நாள் காலையில் சிறுநீர் காப்பித் தூள் நிறத்தில் போகிறது. வலி இல்லை. சூடு என்று நினைத்து இளநீர் குடிக்கிறார், இரண்டு நாளில் தெளிந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வருகிறது. இந்தத் தடவை சிவப்பாகவே போகிறது. வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவதுதான் இந்த நோய் தட்டும் முதல் கதவு. வலி இல்லாததாலேயே யாரும் கதவைத் திறப்பதில்லை.

இந்த நோய்க்கும் புகைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் புகையிலைதான் காரணம். புகையில் உள்ள நஞ்சு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. சாயமும் ஒரு காரணம். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லூட்விக் ரேன், சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கு இந்தப் புற்று வருவதை 1895லேயே எடுத்துச் சொன்னார்.

கண்டுபிடிக்கும்போது நாலில் மூன்று பேருக்கு நோய் பையின் உள்தோலோடு நின்றிருக்கும். அவர்களுக்கு வயிற்றைத் திறக்க வேண்டாம். சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துவார்கள். மீதியுள்ள ஒருவருக்குத்தான் நோய் தசைக்குள் வேர் விட்டிருக்கும். நம் பெரியவர் அந்த ஒருவர்.

அவருக்குச் செய்யும் அறுவை, உடம்பில் செய்யும் மிகப் பெரிய அறுவைகளில் ஒன்று. சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்கிறார்கள். ஆண்களுக்கு அதோடு புராஸ்டேட்டும், பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பையும் போகும். சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கிறார்கள். சரி, இனி சிறுநீர் எங்கே போகும்? 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் யூஜீன் பிரிக்கர் சொன்ன வழிதான் இன்றும் உலகெங்கும் அதிகம் நடக்கிறது. சிறுகுடலிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் குறைவான துண்டை வெட்டி எடுத்து, அதன் ஒரு முனையை மூடி, இரண்டு சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்களையும் அதில் இணைத்து, மறு முனையை வயிற்றின் வலப்பக்கத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து விடுவார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். சிலருக்குக் குடலையே மடித்துத் தைத்து உள்ளேயே புதிய பை செய்து வைப்பதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஸ்டூடர் முதலானோர் 1980களில் செப்பம் செய்த முறை அது. யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகத்தின் வலு, நோய் பரவிய இடம், வயது, கை விரல்களின் பழக்கம் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புற்று இருந்தது ஒரு உறுப்பில். கத்தி பட்டதோ சிறுநீர்ப் பாதையிலும் குடலிலும். இரண்டு பெரிய வேலை ஒரே நாளில் நடந்திருக்கிறது. சிறுநீரைத் தொட்டே பழகாத குடலில் இனி இரவு பகலாகச் சிறுநீர் ஓடப்போகிறது. பின்னால் வரும் தொல்லைகளில் பல இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கின்றன.

இப்போது கொஞ்சம் கணக்கு. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் உலகத்தின் தலைசிறந்த மையங்களில் ஒன்று. அங்கே இந்த அறுவை செய்துகொண்ட 1,142 பேரை ஒருவர் விடாமல் 90 நாள் பின்தொடர்ந்து, 2009இல் கணக்கை வெளியிட்டார்கள். எதையும் மறைக்காமல் எழுதிய கணக்கு அது. 64 சதவீதம் பேருக்குச் சிறிதோ பெரிதோ ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. 26 சதவீதம் பேர் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 2.7 சதவீதம். முதலிடம் வயிறு, குடல் சம்பந்தமான தொல்லைகளுக்கு. அடுத்தது கிருமித் தொற்று. அதற்கடுத்தது வெட்டுக்காயத்தின் தொல்லை.

அத்தனை வசதியும் அத்தனை அனுபவமும் உள்ள இடத்திலேயே நாலில் ஒருவர் திரும்பி வந்தார் என்றால் என்ன பொருள்? டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்றா? இல்லை. வீட்டில் சரியாகப் பார்க்கவில்லை என்றா? அதுவும் இல்லை. இந்த அறுவையின் இயல்பே அப்படி. ஆகவே திரும்பிப் போக நேர்ந்த குடும்பம் தலை குனிய வேண்டியதில்லை. தாமதமாகப் போவதுதான் ஆபத்து. காலையில் வந்த காய்ச்சலுக்கு மாலையில் போனவருக்குச் சில நாள் ஊசி மருந்து போதும். மூன்று நாள் கழித்துப் போனவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு.

அப்படியானால் எதற்காகத் திரும்பிப் போகிறார்கள்?

முதல் காரணம் தண்ணீர். ஆம், வெறும் தண்ணீர். குடல் வேலை சரியாகத் தொடங்காததால் பசி இல்லை, வாய்க்குப் பிடிக்கவில்லை, குடித்தால் பை நிரம்புகிறதே என்ற பயம் வேறு. பெரியவர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். மீன மாத வெயிலில் மேற்குக் கொச்சியின் ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தாலே வியர்வை ஆறாக ஓடும். இரண்டு நாளில் நாக்கு வறண்டு, பையில் விழும் சிறுநீர் அடர்ந்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. மூன்றாம் நாள் சிறுநீரகம் தளர்கிறது. பாலம் தாண்டி ஓட வேண்டும். டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் உள்ளே போக வேண்டும். கஞ்சித் தண்ணீராகவும் போகலாம், மோராகவும் போகலாம், பதிமுகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீராகவும் போகலாம். குழாயில் தண்ணீர் வராமல் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற தெருக்களில் இதைச் சொல்லும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. குடிநீர்த் தட்டுப்பாடு என்பது இந்த நோயாளிக்கு நேரடியான மருத்துவப் பிரச்சினை. அதை வார்டு கவுன்சிலரிடம் அப்படியே சொல்ல வேண்டும். நோன்பு பிடிக்கிற வீடுகளில், முதல் சில மாதங்களுக்கு டாக்டரைக் கேட்காமல் நோன்பு வேண்டாம்.

இரண்டாவது காரணம் காய்ச்சல். சிறுநீரகம் வரை கிருமி ஏறினால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியைத் தாண்டினால் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று உட்காரக் கூடாது. அறுவை செய்த இடத்துக்குப் போன் போக வேண்டும். இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பையிலிருந்து சிறுநீரைப் பிடித்து லேபில் கொடுக்கிறார்கள். கிருமி இருக்கிறது என்று ரிப்போர்ட் வருகிறது. உடனே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிறார்கள். குடல் துண்டு வழியாக ஓடும் சிறுநீரில் கிருமி இருப்பது இயல்பு. காய்ச்சலும் இல்லை, இடுப்பு வலியும் இல்லை என்றால் அந்த ரிப்போர்ட்டுக்காக மட்டும் மருந்து வேண்டாம். நிஜமாகவே சோதனை வேண்டும் என்றால் புதுக் குழாயை ஸ்டோமாவுக்குள் விட்டுத்தான் சிறுநீர் எடுக்க வேண்டும், தொங்குகிற பையிலிருந்து அல்ல. வெண்மையாக நூல் நூலாக மிதப்பதைப் பார்த்துச் சீழ் என்று பயப்படவும் வேண்டாம். அது குடல் சுரக்கிற கோழை. அந்தத் துண்டு குடலாகவே பிறந்தது. அதன் சுபாவத்தை விடாது.

மூன்றாவது, காலில் உறையும் இரத்தம். புற்று, பெரிய அறுவை, படுக்கை, இந்த மூன்றும் சேர்ந்தால் கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்ளும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கனக்கும். அந்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் திடீரென்று மூச்சு முட்டும். அதற்காகத்தான் பல மையங்களில் வீட்டுக்கு வந்த பிறகும் அறுவை நாளிலிருந்து நாலு வாரம் வரை தினமும் வயிற்றில் ஒரு சின்ன ஊசி போடச் சொல்கிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு ஊசி என்று இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. நன்றாக இருப்பதே அந்த ஊசியால்தான்.

நாலாவது காரணம் யாருக்கும் சட்டென்று புரியாதது. அறுவை முடிந்து ஆறு வாரம். காயம் ஆறிவிட்டது. பை பழகிவிட்டது. ஆனால் பெரியவர் சுருண்டு படுத்தே இருக்கிறார். சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறது. மூச்சு கொஞ்சம் ஆழமாக, வேகமாக வாங்குகிறது. மருமகள் சொல்கிறாள், “மாமாவுக்கு மனசு விட்டுப்போச்சு.” மகன் சொல்கிறான், “வயசாச்சுல்ல.” இரண்டும் இல்லாமல் இருக்கலாம். குடல் துண்டு சும்மா குழாய்போல் இருப்பதில்லை. தன் வழியே போகும் சிறுநீரிலிருந்து குளோரைடையும் அமோனியத்தையும் உறிஞ்சி உடம்புக்குள் திருப்பி அனுப்புகிறது. இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. உள்ளேயே பை செய்து வைத்தவர்களுக்குச் சிறுநீர் அதிக நேரம் தேங்குவதால் இது இன்னும் அதிகம். ஒரு எளிய இரத்தச் சோதனையில் பைகார்பனேட்டும் கிரியாட்டினினும் பார்த்தால் தெரிந்துவிடும். சோடியம் பைகார்பனேட் மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடும். மனசு விட்டுப்போனதாக வீடே நம்பிக்கொண்டிருந்த மனிதர் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள் கேட்பார். மனச்சோர்வும் வருவதுண்டு, அதற்கும் மருந்து உண்டு. ஆனால் முதலில் இரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

குடல் அடைத்துக்கொண்டு வயிறு உப்பி வாந்தி எடுப்பது, வெட்டுக்காயம் வாய் திறந்து கசிவது, குழாய் இணைந்த இடம் சுருங்கிச் சிறுநீரகம் வீங்குவது, இவையும் உண்டு. எதையும் வீட்டில் வைத்தியம் பார்க்க முடியாது. பையில் சில மணி நேரமாகச் சிறுநீரே விழவில்லை என்றாலும், ஸ்டோமா கறுத்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

ஸ்டோமா எப்படி இருக்க வேண்டும்? கீழ் உதட்டை மடித்துக் கண்ணாடியில் பாருங்கள். அந்தச் சிவப்பு, அந்த ஈரம், அப்படி இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது, குடலுக்குத் தோல்போல் வலி தெரியாது. துடைக்கும்போது ஒரு துளி இரத்தம் கசிந்தால் பயம் வேண்டாம்.

பை மாற்றுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இது பெரிய டாக்டர்கள் சொல்லித்தராத, ஆனால் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற வேலை. நேரம், விடியற்காலை. காப்பி குடிப்பதற்கு முன்னால். அப்போதுதான் சிறுநீர் குறைவாகச் சொட்டும். பையைத் தோலோடு பிடிக்கும் பழைய ஒட்டுத் தகட்டை மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அமுக்கிக்கொண்டு மெதுவாக உரிக்க வேண்டும். பிளாஸ்திரி பிய்ப்பதுபோல் வெடுக்கென்று இழுத்தால் தோல் புண்ணாகும். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, நன்றாக உலர வைக்க வேண்டும். அதற்குள் சொட்டினால் சுருட்டிய துணித் துண்டை ஸ்டோமாவின் வாயில் வைத்துக்கொள்ளலாம். புதுத் தகட்டின் ஓட்டையை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் சிறுநீர் தோலில் பட்டு வெந்துபோகும். முதல் இரண்டு மாதம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வருவதால், போன மாத அளவு இந்த மாதத்துக்கு ஆகாது. அளந்து அளந்து வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் தகட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி, ஒட்டிய பிறகும் சில நிமிடம் கையால் பொத்திக்கொண்டால் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஊரில் ஒரு தனி எதிரி உண்டு. தேங்காய் எண்ணெய். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது இங்கே தலைமுறைப் பழக்கம். எண்ணெய் பட்ட தோலில் எந்தப் பசையும் நிற்காது. நடு வழியில் பை கழன்று, வேட்டி நனைந்து, அன்றோடு வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார் மனிதர். தலைக்கு எண்ணெய் வைக்கட்டும். வயிற்றில் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடட்டும்.

வேட்டி என்றதும் இன்னொன்று. ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே தோலில் மையால் குறிக்க வேண்டும். அதுவும் படுக்க வைத்து மட்டும் அல்ல. உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். முண்டு எங்கே கட்டுகிறார், கைலி முடிச்சு எங்கே விழுகிறது, சேலைக் கொசுவம் எங்கே செருகுகிறார், தொழுகையில் நெற்றி தரையில் படும்போது வயிற்றின் மடிப்பு எங்கே விழுகிறது, இதெல்லாம் கணக்கில் வர வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் நோயாளியே கேட்கலாம்: “சிஸ்டர், எனக்கு இன்னும் குறி போடலையே?” இந்த ஒரு கேள்வி பல வருடத்துக் கசிவைத் தடுக்கும்.

கூச்சத்தைப் பற்றியும் பேச வேண்டும். இந்த நோயாளிகளில் பலர் கல்யாணத்துக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை, பேரப்பிள்ளையை மடியில் வைப்பதில்லை. அமெரிக்காவில் டியான் சாண்டர்ஸ் என்ற புகழ்பெற்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர், இப்போது கொலராடோ பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர், 2025 ஜூலையில் தமக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வந்ததையும், பையை எடுத்துவிட்டுக் குடலில் புதுப் பை செய்துகொண்டதையும் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். சிறுநீர் கட்டுப்படாமல் டயாபர் அணிவதைக்கூட மறைக்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற மைதானத்தின் ஓரத்தில் நிற்கிற மனிதர் சொன்னார். நம் சபையில் ஒருவர் சொல்ல முடியாதா? மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா 1975 முதல் இயங்கி வருகிறது. பை வைத்தவர்களே புதிதாகப் பை வைத்தவர்களுக்குச் சொல்லித்தருகிற அமைப்பு. அந்த ஏற்பாடு இந்தத் தெருக்களுக்கும் வர வேண்டும்.

மருத்துவம் சும்மா இருந்துவிடவில்லை. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் ஒரு எளிய கேள்வி கேட்டார்: அறுவை நோயாளியை ஏன் இத்தனை நாள் பட்டினி போடுகிறோம், ஏன் படுக்கையிலேயே வைத்திருக்கிறோம்? அதிலிருந்து விரைவு மீட்பு முறை பிறந்தது. அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த பானம், மறுநாளே நடை, மூக்கில் தேவையில்லாத குழாய் கூடாது, குடலை எழுப்பச் சூயிங்கம் மெல்வது. அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்த முறையில் 110 பேரைப் பார்த்து 2014இல் எழுதினார்கள். பாதிப் பேராவது நாலு நாளில் வீடு திரும்பினார்கள். ஆனால் 30 நாளுக்குள் மறுபடி சேர்ந்தவர்கள் 21 சதவீதம். சீக்கிரம் அனுப்பினார்கள், திரும்பி வருவது நிற்கவில்லை. இன்னொன்று, ரோபோ. பிரிட்டனில் 338 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வந்தது. அதில் கேட்ட கேள்வி அழகானது: 90 நாளில் உயிரோடு, ஆஸ்பத்திரிக்கு வெளியே எத்தனை நாள் இருந்தார்? ரோபோ அறுவைக்கு 82 நாள், வயிற்றைத் திறந்து செய்ததற்கு 80 நாள். இரத்தக் கட்டி 8.3 சதவீதத்திலிருந்து 1.9ஆகக் குறைந்தது, காயத் தொல்லை 16இலிருந்து 5.6ஆகக் குறைந்தது. நல்லதுதான், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கடனை வாங்கி ரோபோவுக்கு ஓடுகிற குடும்பங்கள் அந்த இரண்டு எண்ணையும் பார்க்க வேண்டும். வித்தியாசம் இரண்டு நாள். மீதி 80 நாளும் வீட்டில்தான் நடக்கிறது.

அந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் வேறு எந்த மாநிலத்தையும்விடக் கேரளத்திடம் நல்ல பதில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானவர்கள் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் கைக்கு வந்து, ஊர் ஊராகப் பரவியது. 2008இல் கேரள அரசு அதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. இன்று உள்ளாட்சிகளின் பொறுப்பில், நர்ஸ் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். புண் கட்டுகிறார், குழாய் மாற்றுகிறார், வீட்டாருக்குச் சொல்லித்தருகிறார்.

நம் பெரியவருக்கு வேண்டியது இதைவிட வேறென்ன? தெர்மாமீட்டர் வைக்க ஒரு கை, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு கண், கெண்டைக்காலை அமுக்கிப் பார்க்கத் தெரிந்த விரல்கள், இரத்தம் எடுத்து அனுப்ப ஒரு ஊசி. இத்தனையும் அந்த நர்ஸிடம் இருக்கிறது. இருந்தும் அவர் இந்த வீட்டுக்கு வருவதில்லை. ஏன்? பாலியேட்டிவ், அதாவது வலி தணிப்பு, என்றால் சாகப்போகிறவர்களுக்கு என்று வீட்டார் நினைக்கிறார்கள். அறுவை முடிந்து குணமாகிறவர் எங்கள் பட்டியலில் இல்லை என்று அந்தச் சேவையில் இருப்பவர்களும் நினைக்கிறார்கள். இரண்டு நினைப்புக்கும் நடுவில் 90 நாள் ஆளில்லாமல் கிடக்கிறது. இது மாற வேண்டும். நர்ஸுகளுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு வார்டில் ஒரு வருடத்தில் இந்த அறுவை செய்துகொண்டவர் ஒருவர் இருவர் இருந்தாலே அதிகம். முதல் இரண்டு வாரத்தில் வாரம் இரண்டு தடவை, பிறகு வாரம் ஒரு தடவை, 90 நாள் முடியும் வரை நர்ஸ் வந்தால் போதும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் வீடு சேர்ந்த முதல் இரண்டு வாரத்துக்குள் போகிறார்கள். ஆகவே நர்ஸின் முதல் வருகை வீடு சேர்ந்த மூன்றாம் நாளுக்குள் நடக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேரள அரசின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய கைத்தாங்கல் அது. அந்தத் திட்டம், ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு 15 நாள் வரையிலான மருந்தையும் சோதனையையும் ஏற்றுக்கொள்கிறது. பல அறுவைகளுக்கு 15 நாள் போதும். இதற்குப் போதாது. நாலு வார ஊசி 15ஆம் நாள் முடிவதில்லை. அமிலம் ஏறுவது 15ஆம் நாளில் தெரிவதில்லை. பையும் தகடும் ஆயுள் முழுக்க வாங்க வேண்டியவை. இந்த அறுவைக்கு மட்டுமாவது அந்த 15ஐ 90 ஆக்க வேண்டும்.

இந்த அரங்கத்திலிருந்து புறப்படும் முன் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த வார்டு சபை கூடும்போது ஒரே ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, தமிழும் மலையாளமுமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சிறுநீர்ப்பை அறுவை செய்துகொண்டு வீடு திரும்புகிறவர் பெயர் அன்றைக்கே வீட்டுப் பராமரிப்பு நர்ஸின் நோட்டில் ஏற வேண்டும். 90 நாள் முடியும் வரை அந்தப் பெயரை நோட்டிலிருந்து அடிக்கக் கூடாது.